ஒரு பென்னிக்கு ஒரு கோப்பை அபிப்பிராயம்

"பொருளாதாரம் படுத்துடுச்சு. அரசியல் நாறிப்போச்சு. புதுசு புதுசா மெஷின் வந்து மனுஷனைக் கெடுத்துடுச்சு. வீட்லயாவது நிம்மதி இருக்கான்னா, அதுவும் இல்ல." நேற்று மாலை ஏதாவது ஒரு டீக்கடை வாசலில் இந்த நாலு வரியும் உங்கள் காதில் விழுந்திருக்கும். நாமே பேசிய வரிகளாகவும் இருக்கலாம். காலம் கெட்டுவிட்டது என்று வருத்தப்படாதீர்கள். முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் லண்டன்காரர்கள் இதே நாலையும் இதே வரிசையில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலையில் விக் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்ஷூரன்ஸ், பங்குச்சந்தை, பத்திரிகை என்று இன்று நாம் மரியாதையோடு பார்க்கும் பல சமாசாரங்களும், புவியீர்ப்பு பற்றிய அந்த மகா புத்தகமும், கருத்து கந்தசாமிகள் நிறைந்த அந்தச் சமூகத்தில்தான் வளர்ந்தன. தவம் செய்த முனிவர்கள் யாரும் இதில் சம்பந்தப்படவில்லை. வேலையை அப்படியே போட்டுவிட்டு, கறுப்பாக எதையோ குடித்தபடி, தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே குரலில் பேசியவர்கள்தான் சம்பந்தப்பட்டார்கள். ஆகவே, யாராவது உங்களைப் பார்த்து "வெட்டிப்பேச்சு" என்றால் அவசரப்பட்டுக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கதை தொடங்குவது ஒரு வீட்டுப் பிரச்னையில். டேனியல் எட்வர்ட்ஸ் என்று ஒரு வியாபாரி. ஸ்மிர்னாவிலிருந்து, அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மிரிலிருந்து, லண்டன் திரும்பியபோது இரண்டு விஷயங்களைக் கூடவே கொண்டுவந்தார்: காபிப் பழக்கம், காபி போட்டுத்தர பாஸ்குவா ரோஸே என்ற வேலையாள். "அவர் வீட்டில் என்னவோ துருக்கி பானம் தருகிறார்களாம்" என்று செய்தி பரவியது. நண்பர்கள் வந்தார்கள். நண்பர்களின் நண்பர்கள் வந்தார்கள். ஓசிக் காபிக்கு உலகமெங்கும் ஒரே சட்டம்தான். தொல்லை தாங்காமல், 1652இல் கார்ன்ஹில் பக்கத்துச் சந்தில் ரோஸேக்கு ஒரு கடை போட்டுக்கொடுத்தார்கள். லண்டனின் முதல் காபிக்கடை, விருந்தாளிகளை வீட்டைவிட்டுக் கிளப்புவதற்காகச் செய்த ஏற்பாடு.

ரோஸேயிடம் நவீன மார்க்கெட்டிங் மூளை இருந்தது. ஒரு நோட்டீஸ் அடித்தார். தலைவலிக்கு நல்லது, இருமலுக்கு நல்லது, மூட்டுவாதத்துக்கு நல்லது, கருச்சிதைவைத் தடுக்கும், ஆவியில் முகம் காட்டினால் கண்நோவு போகும். இன்று காலை ஆறு மணிக்கு "பகிரவும்" என்ற வேண்டுகோளுடன் பெரியப்பா அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜில் இருந்த அதே பட்டியல். கருஞ்சீரகம் என்று இருந்த இடத்தில் மட்டும் காபி என்று போட்டுக்கொள்ளுங்கள். பொறுக்கமுடிந்த மட்டும் சூடாகக் குடிக்கலாம், வாய்த்தோல் உரியாது என்றும் உத்தரவாதம் கொடுத்தார். டெஸ்ட் பண்ணிப் பார்த்தவர்கள் என்ன ஆனார்கள் என்பது நோட்டீஸில் இல்லை.

குடித்தவர்கள் என்ன சொன்னார்கள்? புகைக்கரி என்றார்கள். மை என்றார்கள். பழைய செருப்பை ஊறவைத்த தண்ணீர் என்றார் ஒருவர். மறுநாள் சரியாக அதே நேரத்துக்கு மறுபடி வந்தார்கள். பக்கத்து பீர்க்கடைக்காரர்கள் கடுப்பாகி மேயரிடம் மனு கொடுத்தார்கள். இவன் வெளியூர்க்காரன், லண்டனில் கடை போட இவனுக்கு உரிமையே கிடையாது என்பது அவர்கள் வாதம். எட்வர்ட்ஸின் மாமனாரிடம் குதிரைவண்டி ஓட்டிய உள்ளூர்க்காரரைப் பார்ட்னராகச் சேர்த்து அந்த வாதத்தை முறியடித்தார்கள். சட்டத்தைச் சுற்றி ஓட்டுவதற்கு டிரைவரைவிட லாயக்கான ஆள் வேறு யார்?

1657இல் இன்னொரு வில்லங்கம். ஜேம்ஸ் ஃபார் என்ற முடிதிருத்துபவர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு 'ரெயின்போ' என்று காபிக்கடை திறந்தார். தெரு மக்கள் எழுத்துபூர்வமாகப் புகார் செய்தார்கள்: கெட்ட வாடை வருகிறது, இரவு பகலாக அடுப்பு எரிகிறது, ஒரு தடவை புகைபோக்கியே பற்றிக்கொண்டது. இது 17ஆம் நூற்றாண்டு லண்டன் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் சாக்கடை ஓடும், குதிரைச் சாணம் குவிந்திருக்கும், ஜன்னலிலிருந்து சட்டிகள் காலியாகும். அதையெல்லாம் பெருந்தன்மையோடு சகித்த மூக்குகள், காபிக்கொட்டை வறுபடும் வாசனை வந்ததும் போர்க்கொடி தூக்கின. புதுத் தொழில்நுட்பம் மட்டும்தான் நமக்கு எப்போதுமே நாறும்.

சரி, உள்ளே நுழைவோம். கல்லாவில் ஒரு பென்னி வையுங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு பெண்மணி நிற்பார். கடையை நடத்தப் பெண்கள் வரலாம், உட்கார்ந்து பேசத்தான் வரக்கூடாது. பேசுவதற்குத் தகுதி ஆண்களுக்கு மட்டும் உண்டு என்று ஆண்களே கூடிப் பேசி முடிவு செய்திருந்தார்கள். காலியாக உள்ள இடத்தில் உட்கார வேண்டும். பக்கத்தில் பிரபுவும் இருக்கலாம், புத்தகம் பைண்ட் செய்பவரும் இருக்கலாம். எழுந்து நின்று மரியாதை காட்டத் தேவையில்லை. 1674இல் அச்சான விதிமுறைகள்படி, கெட்ட வார்த்தை பேசினால் 12 பென்னி அபராதம். சண்டையைத் தொடங்கியவர் அங்கிருக்கும் எல்லாருக்கும் காபி வாங்கித்தர வேண்டும். இந்த ஒரு விதியை நம் டிவி விவாதங்களில் அமல்படுத்தினால், நாட்டில் காபிக்கொட்டை தீர்ந்துபோகும்.

ஒரு பென்னிக்குப் பத்திரிகை, வதந்தி, தத்துவம், கப்பல் வந்த சேதி, ராஜாவின் அந்தரங்கம் எல்லாம் கிடைத்தன. அதனால் இந்தக் கடைகளுக்கு 'பென்னி யூனிவர்சிட்டி' என்று பின்னால் பட்டம் கட்டினார்கள். நம்முடைய வாட்ஸ்அப் யூனிவர்சிட்டிக்கு அட்மிஷன் இலவசம் என்பதால், கல்வித்தரத்தை ஒப்பிடுவது நியாயமாகாது.

அந்த யூனிவர்சிட்டியின் மாணவர் எப்படி இருப்பார்? ஜோசப் அடிசன் 1710இல் 'டாட்லர்' பத்திரிகையில் ஒருவரைப் படைத்துக் காட்டினார். நாற்காலிக்கும் சோபாவுக்கும் மெத்தை தைப்பவர். விடிவதற்குள் எழுந்துவிடுவார், ஆனால் தைப்பதற்கு இல்லை. ஸ்வீடன் ராஜாவுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள. பெண்டாட்டி பிள்ளைகளைவிட அந்த ராஜாவைப் பற்றித்தான் கவலை அதிகம். கடை திவாலாகிவிட்டது. கிழிந்த கோட்டோடு பார்க்கில் நின்று ஐரோப்பாவின் எதிர்காலத்தைத் தீர்மானித்துக்கொண்டிருந்தார். இவரைக் கற்பனைப் பாத்திரம் என்கிறார்கள். எனக்கு மட்டும் இப்படி நாலைந்து சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

இது ஏழை மெத்தைக்காரரின் வியாதி, படித்தவர்கள் வேறு மாதிரி என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். 1659-60 குளிர்காலம். ராஜா இல்லாத நாட்டை ஆண்ட க்ராம்வெல் போய்ச் சேர்ந்துவிட்டார்; நாட்டை யார் ஆள்வது என்று நாட்டுக்கே தெரியவில்லை. வெஸ்ட்மின்ஸ்டரில் மைல்ஸ் என்பவரின் காபிக்கடையில் 'ரோட்டா' என்று ஒரு கிளப் இரவுதோறும் கூடியது. தலைவர் ஜேம்ஸ் ஹாரிங்டன், லட்சியக் குடியரசு பற்றி 'ஓஷியானா' எழுதிய அரசியல் சிந்தனையாளர். ஆட்சியில் இருப்பவர்கள் முறைபோட்டு விலகிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பெரிய முட்டைவடிவ மேஜை. அதன் நடுவில் ஒரு பாதை வெட்டி வைத்திருந்தார்கள். புரட்சிக்கு இடையூறு இல்லாமல் மைல்ஸ் காபி கொண்டுவர வேண்டுமே!

கிளப்பில் ஓட்டுப்பெட்டி வைத்து ரகசிய வாக்கெடுப்பும் நடத்தினார்கள். சாமுவேல் பெப்பிஸ், அதுதான் தினம் தவறாமல் டைரி எழுதிய அந்த மனிதர், 1660 ஜனவரியில் ஓர் இரவு போய் உட்கார்ந்தார். அன்றைய தலைப்பு: ரோமானியர்களின் அரசு நிலையான அரசா, இல்லையா? ரோம் விழுந்து ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இருந்தாலும் அவசர விவாதம். வாய்விட்டுச் சொல்லச் சொன்னபோது 'நிலையற்ற அரசு' என்பது ஜெயித்தது. அதே ஆட்கள், அதே கேள்வி, பெட்டியில் ஓட்டுப் போட்டபோது 'நிலையான அரசு' ஜெயித்தது! கருத்துக்கணிப்பு ஒன்று சொல்ல, ரிசல்ட் வேறொன்று சொல்லும் வழக்கம் மின்னணு இயந்திரம் வருவதற்கு வெகு காலம் முன்பே தொடங்கிவிட்டது.

அவர்கள் குடியரசின் நுணுக்கங்களை விவாதித்துக்கொண்டிருந்தபோது, வெளியே நாடு சத்தமில்லாமல் ராஜாவைத் திரும்பக் கூப்பிட முடிவு செய்தது. அதே வருஷம் மே மாதம் இரண்டாம் சார்லஸ் லண்டனுக்குள் ஊர்வலமாக வந்தார். அடுத்த வருஷம் ஹாரிங்டன் கோட்டைச் சிறையில். முறைபோட்டு விலகவேண்டும் என்ற அவர் கொள்கை, கடைசியில் அவர் ஒருவரிடம் மட்டும்தான் அமலானது.

இனி வீட்டுக்கு வருவோம். வீட்டில் வெகுநேரமாகக் காத்திருக்கிறார்கள். 1674இல் 'காபிக்கு எதிராகப் பெண்களின் மனு' என்று ஒரு துண்டுப்பிரசுரம் வெளிவந்தது. சாராம்சம்: எங்கள் வீட்டுக்காரர்கள் நாள் முழுக்கக் காபிக்கடையில் கிடக்கிறார்கள். அங்கிருந்து சாராயக்கடை, போதை தெளிய மறுபடி காபிக்கடை என்று ஷட்டில் அடிக்கிறார்கள். வம்பு பேசுவதில் எங்களையே மிஞ்சிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கறுப்புத் தண்ணீர் அவர்களை உள்ளும் புறமும் காயவைத்துவிட்டது. ராத்திரி வீட்டுக்கு வந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆகவே அறுபது வயதுக்குக் கீழ்ப்பட்ட யாருக்கும் காபி தரக்கூடாது. அறுபதுக்கு மேல்? குடித்துவிட்டுப் போகட்டும், இனி நஷ்டம் என்ன வந்துவிடப்போகிறது!

ஆண்கள் சும்மா இருப்பார்களா? பதில் பிரசுரம் பறந்தது. காபி எங்கள் வீரியத்தைக் கூட்டத்தான் செய்கிறது என்று அச்சடித்து ஊர் முழுக்க விநியோகித்தார்கள். இதை வீட்டில் நேரில் நிரூபிக்காமல் ஏன் பிரஸ்ஸுக்கு ஓடினார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இன்னொரு விஷயம்: அந்த மனுவைப் பெண்களே எழுதவில்லை, கிண்டலுக்காக யாரோ ஆண்கள் எழுதியது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சந்தேகப்படுகிறார்கள். அதாவது, பெண்கள் பேரில் ஃபேக் ஐடி திறப்பதும் நம் கண்டுபிடிப்பு இல்லை.

இவ்வளவு நாள் பேச்சு காற்றோடு போனது. இப்போது ராஜா காதில் விழுந்தது. இரண்டாம் சார்லஸ் நல்ல மனிதர்தான். நாய்க்குட்டிகள், நாடகங்கள், காதலிகள் என்று ஜாலியாக இருந்தவர். கடைசி ஐட்டத்தின் எண்ணிக்கை அதிகமானதால் காபிக்கடைகளில் பேசுவதற்கு விஷயம் குறையவே இல்லை. 1666லேயே ராஜாவின் முதன்மை ஆலோசகர் கிளாரண்டன் இவற்றை மூடச் சொன்னார். வில்லியம் கவென்ட்ரி என்பவர் தடுத்தார்: இந்தக் கடைகள் வரி கட்டுகின்றன, அதுவுமில்லாமல் க்ராம்வெல் காலத்தில் நம்ம ஆட்கள் அவரைத் திட்டியது இங்கே உட்கார்ந்துதானே? எதிர்க்கட்சியாக இருக்கும்போது இனித்த பேச்சுரிமை, நாற்காலியில் உட்கார்ந்ததும் ராஜாவுக்குக் கசந்துவிட்டது.

1675 டிசம்பர் 29. அரசாணை வந்தது. காபிக்கடைகளில் பொய்யும் அவதூறும் பரவுகிறது, சோம்பேறிகள் கூடுகிறார்கள், ஜனவரி 10 முதல் எல்லாக் கடைகளும் மூடப்படும். லண்டன் கொதித்தது. அதற்குள் உள்நாட்டுப் போர் ஒன்றைப் பார்த்திருந்த நாடு அது. ராஜாவின் அப்பா முதலாம் சார்லஸின் தலையையே எடுத்த ஊர். அதுவும் காபிக்கடை வருவதற்கு முன்பே! பத்தே நாளில், ஜனவரி 8 அன்று, அரசாணை வாபஸ். தடை அமலுக்கு வர இன்னும் இரண்டு நாள் பாக்கி. காரணம்? மக்கள்மேல் மன்னருக்கு உண்டான கருணையாம். அப்பாவின் கழுத்து ஞாபகம் வந்தால் எந்த மகனுக்கும் கருணை சுரக்கும்.

"சரி சார், அரசியல்வாதிகள் அப்படித்தான். விஞ்ஞானிகளாவது ஒழுங்காக இருந்திருப்பார்களே?" என்று நீங்கள் நம்பிக்கையோடு கேட்பது தெரிகிறது. 1684 ஜனவரியில் லண்டனில் மூன்று மூளைகள் சந்தித்தன: வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த ஹாலி, செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிக்கொண்டிருந்த ரென், அப்புறம் ராபர்ட் ஹூக். 'கேரவேஸ்' காபிக்கடையில் பாயைப் போட்டுப் படுக்காத குறையாகக் கிடந்தவர் ஹூக். சூரியனின் இழுவிசை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைந்தால் கோள்களின் பாதை எப்படி இருக்கும் என்பது பேச்சு. "அது என்கிட்ட எப்பவோ ரெடி" என்றார் ஹூக். காட்டுங்கள் என்றார்கள். காட்டமாட்டாராம். மற்றவர்கள் எல்லாம் முயன்று தோற்ற பிறகு காட்டினால்தான் அதன் அருமை புரியுமாம். பரீட்சை ஹாலில் இந்த வசனத்தைச் சொன்ன மாணவர்கள் எல்லாரும் என்ன மார்க் வாங்கினார்கள் என்பது நமக்குத் தெரியும்.

ரென் சிரித்துக்கொண்டே பந்தயம் வைத்தார்: இரண்டு மாதத்துக்குள் நிரூபித்தால் 40 ஷில்லிங் மதிப்புள்ள புத்தகம் பரிசு. கெடு முடிந்தது. ஹூக்கிடமிருந்து ஒரு காகிதமும் வரவில்லை. ஆகஸ்டில் ஹாலி கேம்பிரிட்ஜ் போய் நியூட்டனிடம் கேட்டார். "நீள்வட்டம். கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்" என்றார் நியூட்டன். எங்கே என்றால், தேடினார், காகிதம் கிடைக்கவில்லை! உலகின் தலைசிறந்த மூளைகளில் ஒருவர் ஒளித்துவைத்தார், இன்னொருவர் தொலைத்துவைத்தார். ஆனால் நியூட்டன் மறுபடி உட்கார்ந்து எழுதினார். 1687இல் 'பிரின்சிபியா' வந்தது. அந்த ஐடியா என்னுடையது என்று ஹூக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதையும் கேரவேஸில் உட்கார்ந்துதான் சொல்லியிருப்பார்.

இதில் ஒரு கொசுறு. 'பிரின்சிபியா'வை அச்சடிக்க ராயல் சொசைட்டியிடம் காசில்லை. கஜானாவை எதில் விட்டிருந்தார்கள் தெரியுமா? மீன்களின் வரலாறு என்ற ஒரு தடிமனான படப்புத்தகத்தில். வாங்குவதற்கு ஆளில்லை. கடைசியில் ஹாலி தன் கைக்காசைப் போட்டு நியூட்டன் புத்தகத்தை வெளியிட்டார். அவருக்குச் சொசைட்டி தரவேண்டிய 50 பவுண்ட் சம்பளம்? அதற்குப் பதிலாக மீன் புத்தகத்தின் 50 பிரதிகளை எண்ணிக் கொடுத்தார்கள். பிரபஞ்ச ரகசியத்தை வெளியே கொண்டுவந்த மனிதருக்கு உலகம் கொடுத்த சன்மானம் அது. மீனாகக் கொடுத்திருந்தால் குழம்பாவது வைத்திருக்கலாம்.

அடுத்து, பணம். கப்பல்காரர்கள் எட்வர்ட் லாயிட் கடையில் கூடி, எந்தக் கப்பல் மூழ்கும் என்று பேசிப் பேசியே கப்பல் இன்ஷூரன்ஸை வளர்த்தார்கள். புரோக்கர்களோ சந்தையில் போட்ட கூச்சலால் விரட்டப்பட்டு 'ஜோனத்தன்ஸ்' காபிக்கடைக்கு வந்தார்கள். 1698இல் ஜான் கஸ்டேங் என்பவர் அங்கே பங்கு விலைப்பட்டியல் வெளியிடத் தொடங்கினார். அதுவரை ராஜாவையும் மருமகளையும் பற்றி இருந்த அபிப்பிராயத்துக்கு இப்போது விலை எழுதி ஒட்டினார்கள். விபரீதம் அன்றைக்குத்தான் ஆரம்பம். அபிப்பிராயம் சொல்ல ஒரு பென்னிதான். அதை நம்புவதற்கு ஆன செலவைச் சொல்கிறேன், கொஞ்சம் பிடித்துக்கொண்டு உட்காருங்கள்.

1711இல் சவுத் சீ கம்பெனி தொடங்கியது. அரசாங்கத்தின் கடனை ஏற்றுக்கொள்வது ஒரு வேலை. ஸ்பெயின் ஆண்ட தென் அமெரிக்காவோடு வியாபாரம் இன்னொரு வேலை. அந்த வியாபாரத்தின் முக்கியச் சரக்கு, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மனிதர்கள். பங்கின் விலை பற்றி ஆயிரம் கருத்து இருந்த பெஞ்சுகளில், அந்த மனிதர்களைப் பற்றி அதிகம் பேச்சு எழவில்லை. 1718இல் ஸ்பெயினோடு போர் மூண்டு அந்த வியாபாரமும் நின்றது. கம்பெனியின் கவர்னர் யார்? சாட்சாத் இங்கிலாந்து ராஜா முதலாம் ஜார்ஜ். தன் கஸ்டமர்மீது தானே படையெடுத்த ஒரே சேர்மன் அவராகத்தான் இருப்பார்.

இப்படிப்பட்ட கம்பெனியின் பங்கு 1720 தொடக்கத்தில் சுமார் 128 பவுண்ட். கோடையில் கிட்டத்தட்ட 1,000! ஜோனத்தன்ஸ் இருந்த சந்துக்குள் நுழைய முடியாத கூட்டம். ஏன் ஏறுகிறது என்று யாராவது கேட்டால், "ஏறுது இல்ல?" என்பது பதில். இந்த ஜோரில் புதுப்புதுக் கம்பெனிகள் முளைத்தன. ஜேம்ஸ் பக்கிள் என்ற வக்கீல், அடுத்தடுத்துச் சுடும் ஒரு துப்பாக்கிக்கு 1718இல் காப்புரிமை வாங்கியிருந்தார். அதில் இரண்டு வகைக் குண்டு: எதிரி கிறிஸ்தவர் என்றால் உருண்டைக் குண்டு, துருக்கியர் என்றால் சதுரக் குண்டு. சத்தியமாக அப்படித்தான் காப்புரிமையில் இருக்கிறது. யுத்தகளத்தில் சுடுவதற்கு முன்னால் எதிரியிடம் போய் மதம் விசாரிக்க வேண்டும்.

இதற்கும் பங்கு வெளியிட்டார்கள், அதற்கும் வாங்க ஆள் இருந்தது. 1722இல் கொட்டும் மழையில் ஏழு நிமிஷத்தில் 63 குண்டுகள் சுட்டுக்காட்டினார்களாம், மெஷின் மோசமில்லை. ஆனாலும் ராணுவம் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் துப்பாக்கியால் அடிபட்டவர்கள் அதில் பங்கு வாங்கியவர்கள் மட்டும்தான் என்று சீட்டுக்கட்டில் படம் போட்டுக் கிண்டலடித்தார்கள். ஊரே சூதாடும்போது நையாண்டியும் சீட்டுக்கட்டில்தானே வரவேண்டும்.

இப்போது மறுபடி நம் நியூட்டன். இந்த முறை அவர் கேம்பிரிட்ஜில் காகிதம் தேடும் பேராசிரியர் இல்லை. சர் ஐசக், நாணயச்சாலையின் தலைவர். நாட்டின் பணமே அவர் கண்பார்வையில்தான் அச்சாகிறது. சவுத் சீ பங்குகளை முன்பே வாங்கியிருந்தவர், 1720 வசந்தத்தில் நல்ல லாபத்துக்கு விற்றார். சபாஷ்! கதை இங்கேயே முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையில் அவருக்கு வேலையே இல்லை. விற்ற பிறகும் விலை ஏறியது. அக்கம்பக்கத்தார் பணக்காரர்களாகிக்கொண்டிருந்தார்கள். புவியீர்ப்பைக் கண்டறிந்த மனிதருக்கு, மேலே போனது கீழே வரும் என்ற விஷயம் அந்த ஒரு கோடைக்கு மட்டும் மறந்துவிட்டது. உச்சத்துக்குப் பக்கத்தில் மறுபடி வாங்கினார்.

வருஷக் கடைசியில் பங்கு 200 பவுண்டுக்கும் கீழே. நியூட்டனுக்கு நஷ்டம் 20,000 பவுண்ட் என்று அவர் குடும்பத்தில் பேசிக்கொண்டார்கள். வானத்துக் கோள்களின் போக்கைக் கணக்கிட்டுவிடலாம், ஜனங்களின் பைத்தியத்தைக் கணக்கிட முடியாது என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. எவ்வளவு நாசூக்கான புலம்பல் பாருங்கள்! ஜனங்களின் பைத்தியம் என்கிறாரே தவிர, அந்த ஜனங்களில் தன் பெயரைச் சேர்க்கவில்லை.

அதே பங்கில் ஜெயித்தவர் யார் தெரியுமா? தாமஸ் கை. பைபிள் விற்றுப் பிழைத்த புத்தகக் கடைக்காரர், கஞ்சத்தனத்துக்கு ஊர் முழுக்கப் பெயர்போனவர். வீட்டு வேலைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளவிருந்தாராம். வாசலில் தளக்கல் பழுதுபார்க்க, இந்த இடம் வரைக்கும்தான் என்று கோடு கிழித்துவிட்டுப் போனார். கோட்டுக்கு அப்பால் ஒரு கல் உடைந்திருந்தது. மணப்பெண் அதையும் மாற்றச் சொல்லிவிட்டாள். திரும்பிவந்து பார்த்தார், கல்யாணம் கேன்சல். இது ஊர் சொன்ன கதை. ஊர் சொல்லாத கணக்கு இது: 1720 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குகளை விற்றார், கிடைத்தது 2,30,000 பவுண்டுக்கு மேல். மறுபடி வாங்கவில்லை. அந்தப் பணத்தில் எழுந்த கைஸ் மருத்துவமனை இன்றும் லண்டனில் இருக்கிறது. மேதைக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. கோடு கிழித்துப் பழகிய கஞ்சனுக்குத் தெரிந்திருந்தது.

காபிக்கடைகள் அப்புறம் என்ன ஆயின? வியாபாரிகள் கடையைத் தங்களுக்கே என்று வளைத்துக்கொண்டார்கள். ஜோனத்தன்ஸ் கும்பல் 1773இல் தனிக் கட்டடம் கட்டி அதற்கு ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்று பலகை மாட்டியது. வீடுகளுக்குள் டீ வந்துவிட்டது. காபிக்கடை நடத்திய தாமஸ் ட்வைனிங் 1717இல் திறந்த டீத்தூள் கடைக்குப் பெண்களே நேரில் வந்து வாங்கிப்போனார்கள். வறுக்கவேண்டாம், அரைக்கவேண்டாம், வெந்நீர் போதும். மனு போட்டும் ஜெயிக்காதவர்கள், கெண்டியை அடுப்பில் வைத்து ஜெயித்தார்கள். இங்கிலாந்து டீ குடிக்கும் நாடானது.

மிச்சமிருந்த பெரிய மனிதர்கள், கண்டவனும் பக்கத்தில் உட்காருகிறானே என்று கதவைச் சாத்திக்கொண்டு கிளப் ஆனார்கள். அதில் பெரிய பேர் 'ஒய்ட்ஸ்'. பிரபுக்கள், மந்திரிகள், அவர்களின் வாரிசுகள். வெளியே பென்னிக்குப் பேசியதையே உள்ளே நூற்றுக்கணக்கான பவுண்ட் பந்தயம் கட்டிப் பேசினார்கள். எந்தப் பிரபு முதலில் சாவார், யாருக்குக் குழந்தை பிறக்கும் என்று பந்தயம் எழுதவே ஒரு நோட்டு இருந்தது. ஆட்களை வடிகட்டினார்களே தவிர, பேச்சை வடிகட்டவில்லை.

எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1750இல் ஒரு கடிதத்தில், ஒய்ட்ஸைப் பற்றிப் பத்திரிகையில் வந்த ஒரு கதையை எழுதுகிறார்: ஒய்ட்ஸ் வாசலில் ஒரு மனிதர் திடீரென்று சுருண்டு விழுந்தார். உள்ளே தூக்கிவந்து கிடத்தினார்கள். ஆள் இருக்கிறாரா, போய்விட்டாரா என்று உடனே பந்தயம் தொடங்கிவிட்டது. இருக்கிறார் என்று ஒரு கட்சி, போய்விட்டார் என்று ஒரு கட்சி. ரத்தம் எடுத்து வைத்தியம் பார்க்க ஏற்பாடு நடந்தபோது, போய்விட்டார் என்று பணம் கட்டியவர்கள் குறுக்கே பாய்ந்து தடுத்தார்கள். வைத்தியம் செய்தால் பந்தயம் நியாயமாக இருக்காதாம்! இங்கிலாந்தை ஆண்ட அத்தனை பெரிய மனிதர்களும் சுற்றி நின்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் கருத்து எதுவும் சொல்லாமல் இருந்த ஒரே ஆள், கீழே கிடந்தவர்தான். விஷயம் தெரிந்த ஒரே ஆளும் அவர்தான்.